முன்னச்சுப் பற்சில்லுகள்: ஒத்த உருவமும் ஒவ்வாத எண்ணும்

1941ஆம் ஆண்டுக்கும் 1945ஆம் ஆண்டுக்கும் இடையில் அமெரிக்க நாட்டின் வில்லிஸ், போர்ட் என்னும் இரு நிறுவனங்களும் ஆறு இலட்சத்துக்கு மேற்பட்ட ஜீப் வண்டிகளைச் செய்து போர்க்களங்களுக்கு அனுப்பின. போர் முடிந்த ஆண்டிலேயே வில்லிஸ் நிறுவனம் அவ்வண்டியைச் சிறிது திருத்திக் குடிமக்களின் உபயோகத்துக்கென விற்கத் தொடங்கிற்று. போர்க்கால வண்டி எம்.பி. எனவும், குடிமக்கள் வண்டி சி.ஜே.-2ஏ எனவும் பெயர் பெற்றன. இவ்விரண்டின் முன்னச்சுகளையும் கழற்றி அருகருகே கிடத்தி நோக்கினால், பழகிய கண்ணுக்கும் வேற்றுமை எளிதிற் புலப்படாது. இரண்டும் ஸ்பைசர் 25 என்னும் ஒரே வகையைச் சேர்ந்தவை. ஒன்றின் இடத்தில் மற்றொன்றைப் பூட்டலாம். மரையாணிகள் தத்தம் துளைகளிற் சென்று அமையும். வண்டியும் வீதியில் ஓடும். ஆயினும், மழைநாளில் வழுக்கும் ஏற்றமொன்றில் ஓட்டுநர் முன்சில்லுகளுக்கும் விசையைச் சேர்க்கும் பொழுது, அவ்வண்டி அவர் கைக்கு அடங்காத தொன்றாகிவிடும். அச்சுக்கூட்டினுள்ளே மறைந்து கிடக்கும் நான்கு பற்களே அதற்குக் காரணமாம். போர்க்கால அச்சின் பெரிய பற்சில்லில் 39 பற்கள் உள. குடிமக்கள் வண்டியின் அச்சில் 43 பற்கள் உள.

பழைய நாற்சில்லியக்க வண்டிகளைப் பேணுவோர் இன்று உலகெங்கும் பலர். புதிய உறுப்புகள் கிடைப்பது அரிதாகையால், ஓராண்டு வண்டியின் உறுப்பை மற்றோராண்டு வண்டிக்கு மாற்றிப் பூட்டுவது அவர்களிடையே நாள்தோறும் நிகழ்வது. அங்ஙனம் மாற்றப்படுவனவற்றுள் முன்னச்சின் டிபரென்சியலைப் போல் ஏமாற்றந்தருவது பிறிதொன்று இல்லை எனலாம். பொருந்தாத கியர்ப்பெட்டி பூட்டும் பொழுதே தன் பொருந்தாமையைக் காட்டிவிடும். பொருந்தாத டிபரென்சியலோ பொருந்தியதுபோல் அமர்ந்திருந்து, மாதங்கள் பல கழிந்தபின் தன் குணத்தைக் காட்டும். இதன் காரணத்தை அறிவதற்கு அவ்வுறுப்பின் தொழிலை முதலில் அறிதல் வேண்டும்.

எஞ்சினின் சுழற்சி கியர்ப்பெட்டியைக் கடந்து, வண்டியின் நீளப்பாட்டிற் கிடக்கும் உந்துதண்டின் வழியாக அச்சை அடைகின்றது. உந்துதண்டின் நுனியில் பினியன் எனப்படும் சிறிய பற்சில்லு உண்டு. அது கிறவுண் சில்லு எனப்படும் பெரிய பற்சில்லைச் சுழற்றும். இவ்விணையினால் இரண்டு காரியங்கள் நிறைவேறுகின்றன. நீளப்பாட்டுச் சுழற்சி குறுக்குப்பாட்டுச் சுழற்சியாக மாறுவது ஒன்று. வேகம் குறைந்து முறுக்குவிசை பெருகுவது மற்றொன்று. எம்.பி. ஜீப்பின் பினியனில் 8 பற்களும் கிறவுண் சில்லில் 39 பற்களும் இருப்பதால், சில்லு ஒருமுறை சுழல உந்துதண்டு 4.875 முறை சுழல வேண்டும். பட்டறைகளில் இதனை 4.88 என்பர். சி.ஜே.-2ஏ வண்டியில் 8 பற்களுக்கு 43 பற்கள். ஆகவே விகிதம் 5.375. அதனை 5.38 என்பர்.

கிறவுண் சில்லுடன் பிணைக்கப்பட்ட கூட்டினுள் நான்கு சிறு பற்சில்லுகள் அமைந்திருக்கும். டிபரென்சியல் என்னும் பெயர் உண்மையில் இச்சிறு தொகுதிக்கே உரியது. வழக்கில் கிறவுண் சில்லும் பினியனும் அடங்கிய முழு உறுப்புக்கும் அப்பெயர் ஏறிவிட்டது. வண்டி வளைவிற் செல்லுங்கால் வெளிப்புறச் சில்லு நெடுந்தூரமும் உட்புறச் சில்லு குறுந்தூரமும் செல்ல வேண்டியிருப்பதால், இரண்டும் ஒரே வேகத்திற் சுழலல் ஆகாது. இத்தொகுதி அவ்வேற்றுமைக்கு இடங்கொடுக்கின்றது. வலச் சில்லின் வேகத்தையும் இடச் சில்லின் வேகத்தையும் கூட்டி இரண்டால் வகுத்தால் கிறவுண் சில்லின் வேகம் கிடைக்கும். ஒரு பக்கத்துச் சில்லு நிலத்தில் அசையாது நிற்க, மறுபக்கத்துச் சில்லு இருமுறை சுழன்றால் கிறவுண் சில்லு ஒருமுறை சுழலும். எளிய இவ்வுண்மை பின்னர்ப் பயன்படும்.

ஓரச்சின் இரு சில்லுகளுக்கும் இடையே இங்ஙனம் விட்டுக்கொடுக்கும் ஏற்பாடு உண்டு. முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடையே அத்தகைய ஏற்பாடு ஜீப்பில் இல்லை. கியர்ப்பெட்டியின் பின்னே அமைந்த பகிர்பெட்டியில் முன் உந்துதண்டையும் பின் உந்துதண்டையும் இணைக்கும் நெம்புகோல் ஒன்று உண்டு. அதனைச் சேர்த்தவுடன் இரு தண்டுகளும் ஒரே இரும்புத் துண்டு போலாகிவிடும். முன்தண்டு நூறு முறை சுழன்றால் பின்தண்டும் நூறு முறையே சுழலும். ஒன்று குறையாது, ஒன்று கூடாது. ஆகவே முன்சில்லும் பின்சில்லும் ஒரே வேகத்தில் உருள வேண்டுமாயின், இரு அச்சுகளின் விகிதமும் ஒன்றாகவே இருத்தல் வேண்டும்.

இனி, பின்னச்சு 5.375 ஆகவுள்ள சி.ஜே.-2ஏ வண்டிக்குப் போர்க்கால ஜீப்பின் 4.875 முன்னச்சைப் பூட்டியதாகக் கொள்க. உந்துதண்டுகளின் வேகம் ஒன்றே. ஆதலின், பின்சில்லு நூறு முறை சுழலும் நேரத்தில் முன்சில்லு நூற்றுப்பத்து முறைக்குச் சற்றுக் கூடுதலாகச் சுழல முயலும். ஜீப்பின் 6.00-16 அளவு டயர் ஒரு சுழற்சிக்கு ஏறக்குறைய 2.2 மீற்றர் உருளும். ஒரு கிலோமீற்றரில் பின்சில்லு 455 முறை சுழல, முன்சில்லு 501 முறை சுழல வேண்டும். ஒரே வண்டியின் முன்பாதி 1,100 மீற்றர் செல்ல விரும்புகின்றது. பின்பாதி 1,000 மீற்றர் மட்டுமே செல்ல விரும்புகின்றது. எஞ்சிய நூறு மீற்றரை எங்கேனும் தீர்த்தாக வேண்டும். தீர்க்கும் வழி ஒன்றே: டயர்கள் நிலத்தில் தேய்ந்து வழுக்குதல்.

சேற்றிலும் மணலிலும் வழுக்குதல் எளிது. ஆகவே அங்கே வண்டி எவ்வாறோ நகரும். ஓட்டுநர் வேற்றுமையை உணரமாட்டார் என்று சொல்வாரும் உளர். அக்கூற்று அரைவாசியே உண்மை. வழுக்கிக் கொண்டிருக்கும் சில்லுக்குப் பக்கவாட்டுப் பிடிப்புக் குறைந்துவிடும். முன்சில்லுகளே திசை திருப்பும் சில்லுகள். அவை ஓயாது வழுக்குமாயின், திருப்புசக்கரத்தை எவ்வளவு சுழற்றினாலும் வண்டி நேரே செல்லவே நாடும். மறுதலையாகப் போர்க்கால வண்டிக்குப் பிற்கால முன்னச்சைப் பூட்டினால், முன்சில்லுகள் தடுப்பிட்டவை போல மந்தமாகச் சுழல, பின்சில்லுகள் அவற்றைத் தள்ளிக்கொண்டு வழுக்கும். அப்பொழுது வண்டியின் பின்புறம் பக்கம் சாய்ந்து ஓடக்கூடும். மலைப்பாதையில் இவ்விரண்டில் எது நேரினும் ஆபத்தே.

கடினமான உலர்ந்த வீதியில் நிகழ்வது வேறு. அங்கே டயர் எளிதில் வழுக்காது. விரைந்து சுழலும் முன்சில்லுகள் வண்டியை இழுக்க, பின்சில்லுகள் நிலத்தினால் உருட்டப்பட்டுத் தம் உந்துதண்டை முன்னோக்கி முறுக்கும். அம்முறுக்கு பகிர்பெட்டியை அடைந்து மீண்டும் முன்னச்சுக்கே செல்லும். எஞ்சின் கொடுக்கும் விசைக்கு மேலதிகமாக ஒரு விசை இவ்வாறு உள்ளேயே சுற்றிச் சுற்றி வந்து தண்டுகளை முறுக்கிக்கொண்டே போகும். டயர் சிறிது வழுக்கி முறுக்கைத் தளர்த்தும். உடனே மீண்டும் முறுக்கு ஏறும். திருப்புசக்கரம் கனக்கும், பகிர்பெட்டியின் நெம்புகோல் இறுகி, எவ்வளவு இழுத்தாலும் வாராது. வழுக்க மறுக்கும் டயரைவிட வலிமை குறைந்த உறுப்பு ஏதேனும் இருப்பின் அது முறியும். பெரும்பாலும் முறிவது முன்னச்சின் மூட்டு.

இத்துணைக் கேடு விளைக்கும் உறுப்பு பல மாதங்கள் மறைந்திருப்பது எங்ஙனம்? ஜீப் வண்டி நல்ல வீதியிற் செல்லுங்கால் பின்சில்லுகளே அதனை உந்துகின்றன. நெம்புகோல் விலகியிருக்கும் வரையில் முன் உந்துதண்டு எவ்வேகத்திற் சுழன்றாலும் எவர்க்கும் தீங்கில்லை. போர்க்கால ஜீப்புகள் குடிமக்கள் கைக்கு வந்த காலத்தில், வேண்டாதபோது முன்சில்லுகளை அச்சுத்தண்டிலிருந்து விடுவித்து வைக்கும் பூட்டுக்குடங்களும் தோன்றின. 1948ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட வார்ன் நிறுவனம் அவற்றைச் செய்தே பெயர் பெற்றது. அவை பூட்டப்பட்ட வண்டியில், விடுவித்த நிலையில் முன்னச்சின் உள்ளுறுப்புகள் சுழல்வதே இல்லை. ஆகவே பொருந்தாத டிபரென்சியல் ஆண்டுக்கணக்கில் உறங்கலாம். விற்பவர் ஓட்டிக் காட்டும்போதும், வாங்குபவர் ஓட்டிப் பார்க்கும்போதும் குற்றம் வெளிப்படாது. தேவை நேர்ந்த அன்றே அது விழிக்கும். அன்றியும், ஜீப்பின் பகிர்பெட்டியில் தாழ்வேக நிலையைச் சேர்க்க வேண்டுமாயின் முன்னச்சையும் சேர்த்தே ஆகவேண்டும் என்பது விதி. எனவே பொருந்தாத முன்னச்சுள்ள வண்டி, நாற்சில்லியக்கத்தை மட்டுமன்றித் தாழ்வேகத்தையும் இழந்துவிடுகின்றது. அத்தகைய வண்டியை நாற்சில்லியக்க வண்டி என அழைப்பது உபசார வழக்கேயாம்.

வில்லிஸ் நிறுவனத்தார் விகிதத்தை மாற்றியது வீண் வேலையன்று. போர்க்கால வண்டி படைவீரரைச் சுமந்து வீதியில் விரைய வேண்டியிருந்தது. சி.ஜே.-2ஏ பண்ணைக்கென வகுக்கப்பட்டது. கலப்பை இழுக்கவும், வயல் நடுவே நின்று இயந்திரங்களைச் சுழற்றவும் வேண்டியிருந்தது. மெதுவாகச் சென்று வலிமையாக இழுக்கும் வண்டிக்கு உயர்ந்த விகிதமே ஏற்றது. அதனால் ஒரே எஞ்சின் ஒரே வீதி வேகத்துக்குப் பத்துவீதம் கூடுதலாகச் சுழல வேண்டி வந்தது. அது பண்ணையாளருக்குப் பொருட்டன்று. 1949 வரையில் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட சி.ஜே.-2ஏ வண்டிகள் வெளிவந்தன. இருவகை வண்டிகளும் எண்ணிறந்தன ஒரே சந்தையில் உலவியமையால், இருவகை அச்சுகளும் கலந்தன. இன்று ஒரு ஜீப்பின் ஆண்டைக் கூறும் தகடு அதன் உடலுக்குச் சாட்சியாகலாம், அச்சுக்குச் சாட்சியாகாது. எழுபது எண்பது ஆண்டுகளில் எத்தனை பட்டறைகள் அதனைத் தொட்டனவோ, யார் அறிவார்?

இக்குறையை நீக்க இரு வழிகள் உள. ஒன்று, சரியான விகிதமுள்ள முழு அச்சையே தேடிப் பூட்டுதல். மற்றொன்று, இருக்கும் அச்சுக்கூட்டினுள் கிறவுண் சில்லையும் பினியனையும் மட்டும் மாற்றுதல். இரண்டாவது வழி மலிவானதாகத் தோன்றும். ஆயினும் ஸ்பைசர் அச்சுகளில் அது பொறுமை மிக்க கைக்கே இயலும். அங்கே பினியன் அச்சுக்கூட்டிலேயே நேராகப் போதிகைகளில் அமர்கின்றது. அது கிறவுண் சில்லை நோக்கி எவ்வளவு நுழைய வேண்டும் என்பதை மெல்லிய தகடுகள் தீர்மானிக்கின்றன. பற்களுக்கிடையே விடப்படும் வெளி, ஓர் அங்குலத்தை ஆயிரமாகப் பகுத்தால் ஐந்து முதல் பத்துப் பங்கு அளவினதே. வெளி குறைந்தால் பற்கள் சூடேறிப் பொரியும். கூடினால் ஒவ்வொரு முடுக்கத்திலும் மோதி உடையும். பற்களில் வண்ணம் பூசிச் சுழற்றி, பல் பல்லைத் தொடும் தழும்பு எங்கே விழுகின்றது என்று பார்த்துப் பார்த்துத் தகடுகளை மாற்ற வேண்டும். கிறவுண் சில்லும் பினியனும் ஆலையில் ஒன்றோடொன்று உரைத்து இணையாக்கப்பட்டவை. ஒரு வண்டியின் கிறவுண் சில்லையும் மற்றொரு வண்டியின் பினியனையும் சேர்த்துப் பூட்டுவது, பல்லெண்ணிக்கை சரியாயினும், தகாது.

அச்சுத்தண்டுகளிலும் ஒரு நுட்பம் உண்டு. திசை திரும்பும் சில்லுக்கு விசையைக் கொண்டு செல்லும் மூட்டுகள் போர்க்கால ஜீப்புகளில் ஒரே வகையாக இல்லை. பெண்டிக்ஸ், றெஸ்பா, டிராக்டா, ஸ்பைசர் என நால்வகை மூட்டுகள் வழங்கின. போர்க்காலத்தில் கிடைத்ததைக் கொண்டு வண்டிகளை முடித்தனர். ஆகவே மூட்டைத் தனியே மாற்ற முயலாது, தண்டையும் மூட்டையும் ஒரே தொகுதியாகவே வைத்துக்கொள்வது நன்று.

பிரித்தானியர் செய்த லாண்ட் றோவர் வண்டியில் இக்காரியம் மிக எளிது. எளிதாயிருப்பதனாலேயே தவறும் எளிது. 1948ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில் அம்ஸ்ரடாம் நகரக் கண்காட்சியில் முதன்முதலாக வைக்கப்பட்ட அவ்வண்டியின் அச்சுக்கூட்டில், டிபரென்சியல் தனியொரு உறுப்பாக முன்புறத்திலிருந்து செருகப்பட்டுச் சுரைகளால் இறுக்கப்பட்டிருக்கும். அச்சுத்தண்டுகளை வெளியே இழுத்தபின் சுரைகளைக் கழற்றினால் முழுத் தொகுதியும் கையோடு வந்துவிடும். பற்களின் இடைவெளி முதலிய நுண்ணளவுகள் யாவும் அத்தொகுதியினுள்ளேயே முன்னர் அமைக்கப்பட்டவை. தகடுகளோடு போராட வேண்டியதில்லை. முன்னச்சில் மட்டும் வேலை சற்றுக் கூடும். பின்னச்சுத் தண்டுகளைச் சில்லின் பக்கமிருந்து நேராக உருவலாம். முன்னச்சிலோ சில்லின் குடத்தையும் தடுப்புத் தட்டையும் கழற்றிய பின்னரே மூட்டோடு கூடிய தண்டை வெளியே எடுக்கலாம்.

1958ஆம் ஆண்டின் இரண்டாம் வரிசை வண்டிகளிலும், 1971 முதல் 1985 வரை வெளிவந்த மூன்றாம் வரிசை வண்டிகளிலும் விகிதம் 4.7, அதாவது பினியனில் 10 பற்கள், கிறவுண் சில்லில் 47 பற்கள். 1970ஆம் ஆண்டில் வந்த றேஞ்ச் றோவர் வண்டியிலோ 13 பற்களுக்கு 46 பற்கள், விகிதம் 3.54. பின்னர் வந்த ஒன் டென், டிஸ்கவரி முதலியனவும் 3.54 விகிதத்தையே கொண்டன. தொகுதியின் புறவடிவம் பெரிதும் மாறாமையால், பிந்திய வண்டியின் 3.54 தொகுதியை முந்திய வண்டியின் அச்சுக்கூட்டிற் செருகலாம். பழைய லாண்ட் றோவரின் மந்தமான வீதி வேகத்தால் சலித்தோர் பலர் வேண்டுமென்றே அவ்வாறு செய்கின்றனர். முன்னும் பின்னும் இரண்டையும் மாற்றினால் எஞ்சின் ஒரே வேகத்திற் சுழலும்போது வண்டி மூன்றிலொரு பங்கு கூடுதலான வேகத்திற் செல்லும். ஒன்றை மட்டும் மாற்றினால் மேலே ஜீப்புக்குச் சொல்லிய கேடு மும்மடங்காகும்.

இரண்டையும் மாற்றினும், மாறியது வேகம் மட்டுமன்று என்பதை இவர்களிற் பலர் மறக்கின்றனர். வேகமானி தன் சுழற்சியைப் பகிர்பெட்டியிலிருந்து பெறுகின்றது. அச்சில் நிகழ்ந்த மாற்றம் அதற்குத் தெரியாது. ஆகவே மணிக்கு 30 மைல் எனக் காட்டும்பொழுது வண்டி உண்மையில் 40 மைல் வேகத்திற் செல்லும். இதனினும் பெரியது கைத்தடுப்பைப் பற்றியது. லாண்ட் றோவரின் கைத்தடுப்பு சில்லுகளைப் பற்றுவதில்லை. பகிர்பெட்டியின் பின்னே உந்துதண்டைப் பற்றுகின்றது. உந்துதண்டில் ஏற்படும் பிடிப்பு, அச்சின் விகிதத்தாற் பெருக்கப்பட்டே சில்லை அடையும். 4.7ஆற் பெருகிய பிடிப்பு இனி 3.54ஆல் மட்டுமே பெருகும். நாலிலொரு பங்கு வலிமை போய்விட்டது. சரிவில் நிறுத்திய வண்டி முன்னர் நின்ற இடத்தில் இப்பொழுது நில்லாமற் போகலாம்.

பொருத்தம் பார்க்கும்போது பல்லெண்ணிக்கையோடு தவாளிப்பு எண்ணிக்கையையும் பார்க்க வேண்டும். அச்சுத்தண்டின் நுனியில் நீளப்பாட்டில் வெட்டப்பட்ட தவாளிப்புகள் டிபரென்சியலின் உட்பற்களிற் புகுந்து நிற்கும். பழைய றோவர் தொகுதிகளில் இவை 10. 1990களில் வெளிவந்த வண்டிகளில் 24 ஆயின. விகிதம் ஒத்திருந்தும் தவாளிப்பு ஒவ்வாத தொகுதியில் பழைய தண்டு நுழையவே நுழையாது. இது நல்ல வகைத் தவறு. பூட்டுமுன்னரே தன்னைக் காட்டிக்கொள்கின்றது. மூன்றாம் வரிசையின் நீண்ட வண்டிகளில் பின்னச்சு சோல்ஸ்பரி என்னும் வேறு இனத்தது. அதில் தொகுதியைத் தனியே கழற்ற முடியாது. முன்னச்சை அரைநாளில் மாற்றி மகிழ்ந்தோர் பின்னச்சின் முன்னே திகைத்து நிற்பதும், அரைகுறையாக வண்டியை ஓட்டத் துணிவதும் இதனாலேயே.

லாண்ட் றோவரில் முன்தொகுதியும் பின்தொகுதியும் ஒரே உறுப்பே என்பது கற்போர்க்குச் சுவையான செய்தி. பின்னச்சில் பினியன் முன்னோக்கியும், முன்னச்சில் பின்னோக்கியும் இருக்கும். அதாவது ஒரே தொகுதியை அரைவட்டம் திருப்பிப் பூட்டியுள்ளனர். பற்களின் ஒரு முகம் குவிந்தும் மறுமுகம் குழிந்தும் வளைந்திருக்கும். அவற்றுள் ஒன்று முன்னோக்கிய விசையைத் தாங்கவெனச் சிறப்பாக வகுக்கப்பட்டது. பின்னச்சில் அம்முகமே விசையைத் தாங்குகின்றது. திருப்பிப் பூட்டிய முன்னச்சிலோ வண்டி முன்னே செல்லும்பொழுது மறுமுகம் விசையைத் தாங்க வேண்டியிருக்கின்றது. ஆகவே முன்னச்சின் அதே உறுப்பு பின்னச்சில் உள்ளதைவிட வலிமை குறைந்ததாக நடந்துகொள்ளும். பின்னச்சில் நெடுநாள் உழைத்துப் பற்களின் ஒரு முகம் தேய்ந்த தொகுதியை முன்னச்சுக்கு மாற்றுவோர், தேயாத முகத்தைப் பயன்படுத்துவதாக எண்ணி மகிழலாம்; ஆயினும் அது தன் பாரத்தைத் தாங்குவது மெலிந்த முகத்தினால் என்பதையும் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

இம்மெலிவை நீக்கும் பொருட்டுச் சில வண்டிகளின் முன்னச்சுக்கெனப் பற்களை எதிர்ப்புறமாக வளைத்து வெட்டினர். அவற்றில் பினியன் அச்சின் நடுக்கோட்டுக்கு மேலே அமையும். 1984 முதல் வெளிவந்த ஜீப் செரோக்கி வண்டியின் டானா 30 முன்னச்சு இவ்வகையினது. ஆனால் அவ்வண்டி 2001இல் நிறுத்தப்படுவதற்கு முந்திய இறுதிக் காலத்தில் பினியன் நடுக்கோட்டுக்குக் கீழே இறக்கப்பட்டது. இரண்டும் 3.55 விகிதமுடையனவாக இருக்கலாம், பல்லெண்ணிக்கையும் ஒத்திருக்கலாம். முழு அச்சாக மாற்றினால் விகிதத்தில் வழுவில்லை. உந்துதண்டின் சாய்வையும் நீளத்தையும் மட்டும் சரிபார்க்க வேண்டும். பற்சில்லுகளை மட்டும் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்ற முயன்றாலோ, வளைவு எதிரெதிராகையால் அவை சேரவே மாட்டா. இதே டானா 30 அச்சில், 3.54க்கு மேற்பட்டு 3.73 முதலான விகிதங்களுக்குக் கிறவுண் சில்லைத் தாங்கும் கூடும் வேறாகும். பற்கள் குறைந்த பினியன் சிறுத்துவிடுவதால், கிறவுண் சில்லு அதனை நெருங்கி அமர வேண்டியிருப்பதே காரணம். 1991 வரையுள்ள செரோக்கி முன்னச்சுகளில் ஒரு பக்கத்துத் தண்டை இடையிலே துண்டித்துச் சேர்க்கும் பொறியும் உண்டு. பின்னர் அது நீக்கப்பட்டது. ஒரே பெயருடைய வண்டியின் ஒரே பெயருடைய அச்சில் இத்தனை வேற்றுமைகள் எனின், ஆண்டை மட்டும் கேட்டு உறுப்பை வாங்குதல் எத்துணைப் பேதைமை!

விகித எண்கள் இம்மியும் பிசகாமல் ஒத்திருக்க வேண்டுமோ எனின், அவ்வாறும் இல்லை. போர்ட் நிறுவனத்தின் எப்-150 வண்டிகள் சிலவற்றில் முன்னச்சு 3.54 எனவும் பின்னச்சு 3.55 எனவும் ஆலையிலேயே பூட்டப்பட்டன. முன்னது 13 பற்களுக்கு 46. பின்னது 11 பற்களுக்கு 39. வேற்றுமை ஆயிரம் மீற்றருக்கு இரண்டு மீற்றர் அளவே. புதிய டயருக்கும் தேய்ந்த டயருக்கும் உள்ள வேற்றுமை அதனினும் பெரிது. அச்சுகளை அரும்பாடுபட்டு ஒப்பாக்கிவிட்டு, முன்னே புதிய டயரும் பின்னே வழுவழுத்த டயரும் பூட்டி ஓட்டுவோரின் கணக்கு இவ்விடத்தில் பிழைத்துவிடுகின்றது.

உள்ளிருக்கும் விகிதத்தை அறிய அச்சைத் திறக்க வேண்டுவதில்லை. ஸ்பைசர், டானா அச்சுகளின் மூடியில் விகிதம் பொறித்த சிறு தகடு தொங்குவதுண்டு. பழைய வண்டிகளில் அது பெரும்பாலும் தொலைந்திருக்கும், இருப்பினும் உள்ளிருப்பதோடு ஒத்திருக்கும் என்பது நிச்சயமில்லை. ஆகவே எண்ணுவதே தகும். சமதரையில் வண்டியை நிறுத்தி, நிலத்தில் நிற்கும் சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை இட வேண்டும். கைத்தடுப்பை நம்பலாகாது, ஏனெனில் உந்துதண்டைப் பற்றும் தடுப்பாயின் பின்னச்சை எண்ணும்போது அதனைத் தளர்த்தியே ஆகவேண்டும். கியரையும் முன்னச்சு நெம்புகோலையும் விலக்கி, பூட்டுக்குடங்கள் இருப்பின் அவற்றைப் பூட்டி, முன்சில்லுகளில் ஒன்றை மட்டும் உயர்த்திச் சில்லிலும் உந்துதண்டிலும் சுண்ணக் குறி இட வேண்டும். சில்லைச் சரியாக 20 முறை சுழற்றுங்கால், மறுசில்லு நிலத்தில் அசையாது நிற்பதால், கிறவுண் சில்லு 10 முறையே சுழலும். அப்பொழுது உந்துதண்டு 49 முறைக்குச் சற்றுக் குறைவாகச் சுழன்றால் அது போர்க்கால ஜீப்பின் அச்சு. 54 முறைக்குச் சற்றுக் குறைவாயின் பிற்கால அச்சு. லாண்ட் றோவராயின் 47 சுற்றும், றேஞ்ச் றோவர் தொகுதியாயின் 35 சுற்றுக்குச் சற்றுக் கூடுதலும் கிடைக்கும். இருமுறை மட்டும் சுழற்றி எண்ணுவோர்க்கு 4.9க்கும் 5.4க்கும் இடையிலுள்ள அரைச்சுற்று கண்ணுக்குத் தப்பலாம்; இருபது முறை சுழற்றினால் ஐந்து சுற்று வேற்றுமை எவர்க்கும் தப்பாது. பின்னச்சையும் அவ்வாறே எண்ணி ஒப்பிட வேண்டும்.

பூட்டியபின் ஒரு சோதனை உண்டு. பரல் நிறைந்த நேரான பாதையில் முன்னச்சைச் சேர்த்து மெதுவாக நூறு மீற்றர் ஓட்டி, வண்டியை நிறுத்தாமலே நெம்புகோலை விலக்கிப் பார்க்க வேண்டும். விகிதங்கள் ஒத்திருப்பின் அது இரு விரல்களால் இழுக்க வந்துவிடும். இறுகி நின்றால் வண்டியை உலர்ந்த வீதிக்குக் கொண்டு செல்லாமல், முன் உந்துதண்டைக் கழற்றிவிட்டு, மீண்டும் சுண்ணக் குறியிலிருந்து தொடங்குவதே செய்யத்தக்கது.